இயந்திரம் எழுதும் செக்ரோல்



செக்ரோல் என்ற சொல்லைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, அன்றைய வேலைக்குப் பிரிந்து சென்றவர்கள் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த வேலைக்குப் போனார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் கிராணியின் கையால் அந்த ஏட்டில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் அதிலிருந்துதான் பிறக்கும். ஏட்டில் ஏறாத நாள், உடம்பு நோக உழைத்த நாளாகவே இருந்தாலும், கணக்கில் உழைக்காத நாள்தான்.

இன்று வேறொரு செக்ரோலைப் பற்றிப் பேசப் போகிறோம். அதைக் கிராணி எழுதுவதில்லை; இயந்திரமே எழுதுகிறது. வங்கிக்கோ மின்சார வாரியத்துக்கோ மருத்துவமனைக்கோ நாம் தொலைபேசியில் அழைக்கிறோம். "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஒரு குரல் சொல்கிறது. பிறகு யாரோ ஒருவர் பேசுகிறார். இந்த வேலையைச் செய்யும் இடத்துக்கு அழைப்பு மையம் என்று பெயர். அங்கே ஓடும் கம்ப்யூட்டர், நம்முடைய அழைப்புக்கு என்ன நேர்ந்தது என்பதை விநாடிக்கு விநாடி வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்த ஏட்டை ஆங்கிலத்தில் 'லாக்' என்பார்கள். நாம் குறிப்பேடு என்று சொல்வோம்.

லாக் என்றால் மரக்கட்டை. ஏட்டுக்கும் மரக்கட்டைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். பாய்மரக் கப்பல் காலத்தில், கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அறிய ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிப் பின்புறம் கடலில் எறிவார்கள். கட்டை தண்ணீரில் நின்றுவிடும், கப்பல் முன்னே போகும், கயிறு அவிழ்ந்துகொண்டே வரும். அக்கயிற்றில் ஒரே அளவு இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டிருப்பார்கள். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணுவார்கள். இன்றைக்கும் கப்பலின் வேகத்தை 'நாட்' என்று, அதாவது முடிச்சுக் கணக்கில், சொல்வது அதனால்தான். எண்ணிய முடிச்சையும் நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதிவைத்த புத்தகத்துக்கு 'லாக் புத்தகம்' என்று பெயர் வந்தது. கரை தெரியாத நடுக்கடலில், கப்பல் எங்கே நிற்கிறது என்பதைக் கணிக்க மாலுமிகள் பெரிதும் நம்பியது இந்த ஏட்டைத்தான்.

கப்பல்களில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். ஜொகூரில் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை 1909-இல் இரயில் பாதை முழுமை பெற்றது. அதை ஒட்டி சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே செக்ரோல் இரண்டு வேலை செய்தது. தொழிலாளிக்கு அது கூலிக் கணக்கு. கங்காணிக்கோ, தன்னுடைய ஆட்களில் அன்று வேலைக்கு வந்தவர் தலைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் பணத்தின் கணக்கு. ஆகவே ஏட்டை எழுதும் பென்சிலுக்கு அதிகாரம் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளி, எழுதியவர் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பதிவு என்பது எழுதுவதோடு முடிவதில்லை, அதை வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்ற பாடத்தை நம் மக்கள் பட்டே அறிந்திருக்கிறார்கள்.

பதிவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அறிந்திருக்கிறார்கள். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுடைய அதிகாரிகள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் இரகசியமாகப் பெயர்ப் பட்டியல்களை எழுதி மறைத்து வைத்தார்கள். ஆகவே அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. ஆனால் மாண்ட ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர்? அதற்குச் சரியான தொகை இல்லை. பல்லாயிரம் வித்தியாசப்படும் மதிப்பீடுகளே உள்ளன. போனவர் பெயரை முழுமையாகக் குறித்துவைத்த ஏடு இல்லாததே அதற்கு முக்கியக் காரணம். நம்மில் பல குடும்பங்களில் ஒரு பாட்டனின் கதை "சயாமுக்குப் போனார்" என்பதோடு நின்றுவிடுவதும் அதனால்தான்.

இனி தொலைபேசிக்கு வருவோம். தொடக்க காலத்தில் தொலைபேசி நிலையத்தில் மனிதர்களே இணைப்புக் கொடுத்தார்கள். பலகையில் ஒரு விளக்கு எரியும். பணியாளர் கேட்டு, கம்பியைச் சொருகி, இரு முனைகளையும் இணைப்பார். வெளியூர் அழைப்பு என்றால் ஒரு சீட்டில் எண்ணையும் நேரத்தையும் பேசிய நிமிடங்களையும் எழுதுவார். அந்தச் சீட்டுதான் அழைப்பின் செக்ரோல்.

இம்முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. எல்லா விளக்கும் ஒரே மாதிரி எரிந்தன. கடைக்காரர் சரக்குக் கேட்கும் அழைப்பும், வீடு பற்றி எரிகிறது என்று அலறும் அழைப்பும் பலகையில் ஒன்றே. 1935 நவம்பர் 10-ஆம் தேதி இலண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. அண்டை வீட்டுக்காரர் தொலைபேசியில் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றார். அவருடைய அழைப்பு நிலையத்தின் வரிசையில் காத்து நின்றது. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. அரசாங்கம் விசாரணை நடத்தியது. அதன் பயனாக 1937 ஜூன் 30-ஆம் தேதி இலண்டனில் 999 என்ற அவசர எண் தொடங்கப்பட்டது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஒலியும் எழும். நம் மலேசியாவில் காவல்துறைக்கும் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புப் படைக்கும் நாம் இன்று அழைக்கும் 999 எண்ணின் மூலக்கதை இதுதான்.

வந்த முறைப்படி வரிசையில் நிறுத்தினால் மட்டும் போதாது, எது அவசரம் என்ற குறியும் வேண்டும் என்பது அந்தத் தீ கற்பித்த பாடம்.

1970-களில் அழைப்புகளை வரிசைப்படுத்தி, ஓய்வாக இருக்கும் பணியாளருக்குத் தானே அனுப்பும் இயந்திரங்கள் அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் போன்ற இடங்களில் பரவின. பின்னர் அவ்வேலை முழுவதும் கம்ப்யூட்டரின் கைக்குப் போயிற்று. கம்ப்யூட்டருக்கு அதற்கு முன்பே குறிப்பேட்டுப் பழக்கம் உண்டு. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'மார்க் 2' என்னும் கணிப்பொறி தடுமாறியது. தேடிப் பார்த்தபோது அதன் ஓர் உறுப்பில் ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டிருந்தது. பணியாளர்கள் அதை எடுத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி, பூச்சியையும் குறிப்பேட்டின் தாளிலேயே ஒட்டிவைத்தார்கள். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் எழுதுவதற்கு மனிதர் தேவைப்படவில்லை. தனக்கு நேர்ந்ததைக் கம்ப்யூட்டரே எழுதத் தொடங்கியது.

அது எழுதும் வரிகள் எப்படி இருக்கும்? எடுத்துக்காட்டுக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். "9 மணி 14 நிமிடம் 7 விநாடி: அழைப்பு வந்தது. 9 மணி 14 நிமிடம் 9 விநாடி: வரிசையில் சேர்ந்தது. 9 மணி 16 நிமிடம் 2 விநாடி: 12-ஆம் பணியாளருக்கு அனுப்பப்பட்டது. 9 மணி 16 நிமிடம் 22 விநாடி: எச்சரிக்கை, பணியாளர் எடுக்கவில்லை. 9 மணி 16 நிமிடம் 23 விநாடி: மீண்டும் வரிசையில் சேர்ந்தது." பொதுவாகக் குறிப்பேட்டு வரியில் நான்கு விஷயங்கள் இருக்கும்: நேரம், எழுதிய பிரிவு, நடந்தது என்ன, அதன் கடுமை எவ்வளவு.

எழுதிய பிரிவு என்றது ஏன்? தோட்டத்தில் பால் வெட்டுவோர் ஒருபுறம், நிறுப்பவர் ஒருபுறம், ஆலையில் பணிபுரிவோர் ஒருபுறம் என்று வேலை பிரிந்திருப்பதைப் போல, கம்ப்யூட்டருக்குள்ளும் பல வேலைப் பிரிவுகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்று அழைப்பை வாங்கும், ஒன்று வரிசையைப் பார்க்கும், ஒன்று பேச்சைப் பதிவு செய்யும். ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே எழுதும். ஒரு பிரிவு திடீரென்று எழுதுவதை நிறுத்திவிட்டால் அந்த மௌனமும் ஒரு செய்திதான். பெரட்டில் பெயர் கூப்பிட்டும் குரல் வராத ஆளைப் போல, அது எங்கே போயிற்று என்று தேட வேண்டும்.

கடுமையைக் குறிக்கும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர், கம்ப்யூட்டரின் பல பிரிவுகளும் ஒரே முறையில் குறிப்பு எழுதுவதற்காக 'சிஸ்லாக்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். அம்முறையில் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். 0 என்றால் எல்லாமே நின்றுபோயிற்று என்று பொருள். நடுவில் பிழை, எச்சரிக்கை ஆகியவை வரும். 7 என்பது பழுது பார்ப்பவருக்கு மட்டும் பயன்படும் நுண்ணிய விவரம். விம்போல் தெருத் தீக்குப் பின் வைத்த சிவப்பு விளக்கைப் போன்றதுதான் இந்த எண்களும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் வாசிப்பார் இல்லாவிட்டால் என்ன நேரும்? அதற்கும் இலண்டன் நகரமே சாட்சி சொல்கிறது.

1992-இல் இலண்டன் ஆம்புலன்ஸ் சேவை ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகளை ஏற்றுக்கொண்டிருந்தது. அதுவரை சீட்டில் எழுதிக் கையால் அனுப்பிய வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க முடிவு செய்தார்கள். அக்டோபர் 26, திங்கட்கிழமை காலை, புதிய ஏற்பாடு முழுமையாகத் தொடங்கியது. தொடங்கிய அன்று, ஏற்கெனவே கண்டறிந்து எழுதிவைத்த குறைகள் 81 தீர்க்கப்படாமல் இருந்தன. அவற்றுள் இரண்டு மிகக் கடுமையானவை. எழுதியவர்கள் எழுதினார்கள், அதன்படி நடக்கத்தான் யாரும் பொறுக்கவில்லை.

அன்று என்ன நடந்தது? எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற செய்தி சில வேளைகளில் தவறாக வந்தது, சில வேளைகளில் வரவே இல்லை. குழப்பமான ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் ஒரு விதிவிலக்குச் செய்தியைத் திரையில் எழுதியது. "இதை ஒருவர் கவனிக்க வேண்டும்" என்பது அதன் பொருள். கவனிக்கப்படாத செய்தி மேலும் செய்திகளைப் பிறப்பித்தது. வண்டி வரவில்லையே என்று மக்கள் திரும்பத் திரும்ப அழைத்தார்கள், அழைப்புகள் பெருகின. புதிய செய்திகள் கீழிருந்து தள்ளத் தள்ள, பழைய செய்திகள் திரையின் மேல்விளிம்பைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. மறைந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வீடு, ஒரு நோயாளி, வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டுவதற்காக அந்தச் செய்திப் பட்டியலையே அழித்துப் பார்த்தார்கள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. மறுநாள் பிற்பகல், பாதி கையாலும் பாதி இயந்திரத்தாலும் நடக்கும் முறைக்குத் திரும்பினார்கள். சேவையின் தலைவர் பதவி விலகினார்.

நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலை இரண்டாவது அடி விழுந்தது; அமைப்பு அடியோடு நின்றது. காரணம் மிகச் சிறியது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன் செய்த ஒரு மாற்றத்தில், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் சிறிது இடம் திரும்ப விடுவிக்கப்படாமல் போயிற்று. கழுவாத பால் வாளியில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்பால் படிந்து, கடைசியில் வாளியே அடைபட்டுப் போனதைப் போன்ற நிலை. ஒன்று நின்றால் கைகொடுக்க வேண்டிய மாற்று இயந்திரமும் கைகொடுக்கவில்லை. அதைச் சரிவரச் சோதித்திருக்கவில்லை. பணியாளர்கள் காகிதச் சீட்டுக்கே திரும்பினார்கள். பின்னர் படிப்படியாகச் சோதித்து, பணியாளர்களின் கருத்தையும் கேட்டு அமைத்த புதிய ஏற்பாடு 1996-இல் வந்தது, அது நிலைத்தது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் குறிப்பேட்டை வாசிப்பவர்களுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, செய்திகள் வெள்ளமாக வரும்போது எல்லாவற்றையும் வாசிக்க முயல்வது வீண். கடுமையானதைப் பிரித்தெடுத்து, முதலில் வந்த பிழை எது என்று தேட வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் பிள்ளைகளாகவே இருக்கும். இரண்டாவது, எந்தச் செய்தியும் பிழை என்று கூவாமலே ஒரு கேடு வளரலாம். நேற்றைய கணக்கையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். நல்ல கிராணி ஒரு நாள் நிறுவையை மட்டும் பார்க்க மாட்டார். ஒரு வரிசை மரத்தின் பால் மாதா மாதம் குறைகிறதா என்றும் பார்ப்பார்.

வாசிப்பவர் மனத்தில் வைக்க வேண்டிய இன்னொன்று நேரம். ஜப்பானியர் வந்தபோது மலாயாவின் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். பின்னர் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியா தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு சேர்ந்தது. சிங்கப்பூரும் உடன் மாறியது. ஆகவே அன்றிரவு 11.45 என்ற நேரமே ஜொகூரில் இருக்கவில்லை! அந்த நேரத்தைக் காட்டும் ஏடு ஒன்று கிடைத்தால், அதை எழுதிய கடிகாரம் மாற்றப்படவில்லை என்று உடனே சொல்லிவிடலாம். இரண்டு கம்ப்யூட்டர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால், அழைப்பு வருவதற்கு முன்பே பதில் சொன்னதாக ஏடு காட்டும். அதனால் குறிப்பேட்டைத் திறந்தவுடன் அனுபவசாலி முதலில் கேட்கும் கேள்வி, "இது எந்த ஊர் நேரம்?" என்பதே.

நேயர்களே, இதெல்லாம் இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் உரிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஜொகூரில் கூலாய் வட்டாரத்தில் எண்ணெய்ப்பனை நின்ற நிலங்களில் இன்று தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. செடெனாக்கில் ஜொகூர் மாநிலக் கழகம் அமைத்த தொழில்நுட்பப் பூங்கா அவற்றுள் ஒன்று. உலகின் பல மூலைகளிலிருந்து வரும் தகவல்கள் குவியும் கட்டடங்கள் அவை. பெரட்டுக்கு ஆட்கள் நின்ற மண்ணில் இன்று இயந்திரங்கள் தங்கள் செக்ரோலை எழுதிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த நம் பிள்ளைகளில் பலர் அழைப்பு மையங்களில் காதில் கருவி மாட்டி அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எப்போது வந்தார்கள், எத்தனை அழைப்பு எடுத்தார்கள், எத்தனை நிமிடம் எழுந்து போனார்கள் என்பதையும் அதே ஏடு எழுதுகிறது. பாட்டனைக் கணக்கெடுத்த செக்ரோல் வேறு உருவத்தில் பேரனையும் கணக்கெடுக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டனுக்கு அந்த ஏட்டை வாசிக்கத் தெரியவில்லை, பேரனுக்குத் தெரியும். ஆகவே பிள்ளைகள் அழைப்பை எடுக்கும் நாற்காலியோடு நின்றுவிடாமல், அந்த ஏட்டை வாசித்துப் பழுது கண்டுபிடிக்கும் வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத் தேவையானவை பொறுமை, நேரக் கணக்கு, ஒழுங்கான மனம் ஆகியவை. இவை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல.

வீட்டில் இருக்கும் பெரியவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓர் அலுவலகத்துக்கு அழைக்கும்போது தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் தரும் புகார் எண் ஆகிய நான்கையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். "நான் பல முறை கூப்பிட்டேன்" என்று சொன்னால் யாரும் தேட முடியாது. "செவ்வாய்க்கிழமை காலை 9.14-க்குக் கூப்பிட்டேன்" என்று சொன்னால், அவர்களுடைய குறிப்பேட்டில் அந்த வரியைத் தேடி எடுக்க முடியும். சம்பளச் சீட்டையும், ஊழியர் சேமநிதிக் கணக்கையும், சொக்சோ தாள்களையும் அவ்வாறே பத்திரப்படுத்துங்கள். நம் நாட்டின் வேலைச் சட்டம் முதலாளியும் தொழிலாளர் பதிவேடுகளைக் குறைந்தது ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அவருடைய ஏட்டோடு ஒப்பிட நம்மிடமும் ஓர் ஏடு இருந்தால், கணக்கில் தவறு நேரும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை இனி யாரும் முழுமையாக எழுதிவிட முடியாது. இன்று எழுதப்படும் வரிகளையாவது வாசிக்கத் தெரிந்தவர்களாக நம் பிள்ளைகளை வளர்ப்போம்.